தானே நிரம்பிய படிவம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிக்க நேரமாகும். நாலு பேர் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று சின்ன வயதிலேயே பழகிவிட்டேன். நாற்பது வயதுக்குள் அந்தப் பழக்கம் என் குணமாகவே ஆகிவிட்டது. அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

திருநெல்வேலி சந்திப்பில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தொடக்கத்தில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, தொலைபேசி இணைப்பைப் பிரித்து அதற்குக் கொடுத்து, வாசலில் ‘இன்டர்நெட்’ என்று பலகை மாட்டினார். அதை யார் இயக்குவது என்ற பேச்சு வந்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

“மெசினுன்னா உமக்குக் கை ஓடும்லா வே. இதுவும் மெசினுதான்.”

எனக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

கம்ப்யூட்டரை மாட்டித் தந்தவர் மேலப்பாளையத்துக்காரர். முப்பது வயதிருக்கும். நான் படும் பாட்டை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதலாளி டீ குடிக்கப் போனதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கூச்சப்படாதீங்க. இந்த பிரவுசரோட ஒட்டிக்கிடுத மாதிரி சில சாமான் இருக்கு. போட்டுத் தாரேன். பாதி வேலைய அதே பாத்துக்கிடும்.”

மூன்று சாமான்கள் போட்டுத் தந்தார். ஒன்று, திரையில் வரும் பக்கத்தில் உள்ள படங்களை எல்லாம் நிறுத்திவைத்து எழுத்தை மட்டும் முதலில் கொண்டுவரும். அந்தக் காலத்தில் ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஆகவே அது பெரிய உதவி. இன்னொன்று, எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அறுந்துபோனால், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். மூன்றாவதுதான் எனக்காகவே செய்தது போல இருந்தது. பிரவுசருக்கு மேலே ஒரு பட்டையாக உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு பென்சில் படம். ஒரு படிவத்தை ஒரு தடவை நிரப்பி வைத்துவிட்டால், அடுத்த தடவை அதே படிவம் வரும்போது பென்சிலை அழுத்தினால் போதும். கடைசியாகப் போய்ச் சேர்ந்த படிவத்தில் இருந்தபடியே எல்லாக் கட்டமும் தானே நிரம்பிவிடும்.

எங்கள் கடைக்கு அதிகம் வந்தது கல்யாணப் பதிவுதான். இன்டர்நெட்டில் வரன் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, அமெரிக்காவிலிருந்து கூட மாப்பிள்ளை கிடைக்கும் என்று பேச்சுப் பரவியிருந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவக் குடும்பத்தார். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்து, இப்போது ஆசிரியர், அலுவலர், கடைக்காரர் என்று ஆனவர்கள். படிவத்தில் நாற்பது கட்டங்கள் இருக்கும். நாடு, மாநிலம், மாவட்டம், தாய்மொழி, மதம், சாதி, சாப்பாடு என்று அவர்களுக்கு முக்கால்வாசி ஒன்றேதான். ஆகவே பென்சிலை அழுத்திவிட்டு, பேர், வயது, படிப்பு, வேலை, ராசி, நட்சத்திரம் என்று ஏழெட்டுக் கட்டங்களை மட்டும் மாற்றுவேன். இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு அட்டையில் பார்த்து எழுதி, எதிரே தமிழில் குறித்து வைத்திருந்தேன். வேறு யாருக்கும் அந்த அட்டையைக் காட்டியதில்லை.

பத்து நிமிஷத்தில் ஒரு பதிவு முடிந்துவிடும். “உம்ம கையி காத்தா பறக்கு வே” என்று முதலாளி சொன்னார். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெருமையை நான் கொஞ்சம் அதிகமாகவே ருசித்துவிட்டேன்.

அடுத்த வருஷம் தை மாதம் ஒரு வியாழக்கிழமை ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகு நாளாயிற்று. ஒரே மகள். அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். போட்டோவை நான் ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இதுக்குள்ள போட்டா யாரு வேணும்னாலும் பாப்பாங்களோ?”

“ஆமாம்மா.”

“அப்ப எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் பாக்கும். நாளைக்கு வகுப்புல எனக்கே மதிப்பெண் போட்டுக் கையில தந்துரும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. “இதுதான் கடைசி வழி வே. தரகனெல்லாம் கையை விரிச்சிட்டான்” என்றார். மகள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

பென்சிலை அழுத்தினேன். அதற்கு முந்தி நான் பதிந்திருந்தது ஒரு பையனுடையது. கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். நட்சத்திரம் அஸ்தம், ராசி கன்னி. எல்லாம் முடிந்ததும் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவருக்கு நல்ல இங்கிலீஷ். “ஒரு பிழை இல்ல” என்றார். அம்பாசமுத்திரம் வழியாகப் போகும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அவர்கள் சந்து முனையைத் தாண்டிய பிறகு நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். பக்கம் திரும்பி வந்தது. ஏதோ ஒரு கட்டம் காலி என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. பையனுடைய உயரத்தை அழித்தவன் இவளுடையதைப் போட மறந்திருந்தேன், பெரியவர் கண்ணிலும் அது படவில்லை. திரும்பி வந்த படிவத்தில் மற்ற எல்லாமும் காலியாகிக் கிடந்தது. கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பென்சிலை மறுபடியும் அழுத்தினேன். பெரியவர் தந்துவிட்டுப் போன குறிப்புத் தாளைப் பார்த்து பேர், ஆண் பெண், வயது, படிப்பு, வேலை எல்லாவற்றையும் மாற்றினேன். உயரத்தைப் போட்டேன். அனுப்பினேன். போய்விட்டது.

ராசியும் நட்சத்திரமும் படிவத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும். திரையை இறக்கினால்தான் தெரியும். நான் இறக்கவில்லை.

அந்தப் பையனின் நட்சத்திரம் மூலம். ஆணுக்கு மூலம் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெண்ணுக்கு என்றால் கதையே வேறு. அவள் வரும் வீட்டில் மாமனார் உயிரோடு இருக்க மாட்டார் என்பார்கள். படித்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள், கொஞ்சம் நாகரிகமாக. ஜாதகம்கூடக் கேட்க மாட்டார்கள். நட்சத்திரத்தைப் பார்த்ததும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடுவார்கள்.

பையனின் நட்சத்திரம் அவள் பேரில் போய்விட்டது எனக்கு அப்போது தெரியாது. பெரியவர் வாராவாரம் வியாழக்கிழமை வந்தார். வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “பைய பாரும், அவசரமில்ல” என்பார். பார்ப்பேன். கடிதம் எதுவும் இருக்காது. அவரே சிலருக்கு ஆங்கிலத்தில் எழுதித் தருவார். நான் அதைப் பார்த்துத் தட்டி அனுப்புவேன். ‘பொருத்தமில்லை, வருந்துகிறோம்’ என்று ஒரு வரி வரும். சிலரிடமிருந்து அதுவும் வராது. காரணத்தை யாரும் எழுதவில்லை.

காரணம் எழுதாததால் பெரியவர் தானாகக் காரணம் தேடினார். முதலில் வயது என்றார். பிறகு சம்பளம் குறைவு என்றார். பங்குனியில் ஒரு நாள், “கொஞ்சம் மாநிறத்துக்கும் கீழதான் வே அவ. அவங்க அம்மை நெறத்தைக் கொண்டுட்டா” என்றார். அடுத்த வாரம் புதுப் போட்டோ கொண்டுவந்தார். ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். முதல் போட்டோவில் வாயோரம் அடக்கிய சிரிப்பு ஒன்று இருந்தது. இதில் அது இல்லை. சித்திரையில் மூன்றாவது போட்டோ வந்தது. அதில் அவள் நேரே பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு போட்டோவையும் நான்தான் ஏற்றினேன். படம் மாற்றும் பக்கம் தனி. அதில் நட்சத்திரம் காட்டாது.

வந்த இரண்டு மூன்று விசாரிப்பும் விசித்திரமாக இருந்தன. ஒன்று மும்பையில் தாயும் பிள்ளையுமாக இருந்த வீடு. இன்னொன்று அண்ணன் வளர்த்த பையன். பெரியவருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வேலை நிரந்தரமில்லை என்று விட்டுவிட்டார். ஆனி மாதம் மூன்றாவது கடிதம் ஒன்று வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் திடீரென்று சிரித்தார்.

“இதைக் கேளும் வே. எங்க வீட்ல தகப்பனார் காலமாயிட்டாரு, அதனால நட்சத்திரத்தை நாங்க பொருட்படுத்தலன்னு எழுதியிருக்கான். அஸ்தத்துக்கு என்னவே குத்தம்? கிறுக்கன் போல.”

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். நட்சத்திரம் என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. அவர் போனதும் அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்து கீழே இறக்கினேன். அட்டையை எடுத்து எழுத்தை ஒத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவையும் ஒத்துப் பார்த்தேன். தனுசு. மூலம். ஆறு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது.

உடனே மாற்றினேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆழ்வார்குறிச்சிக்குப் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஏறவில்லை. இனிமேல் கடிதம் வரும், வந்துவிட்டால் பழையதை யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாளிக்கும் சொல்லவில்லை. அட்டை விஷயம் வெளியே வந்துவிடும், இவனுக்கு இங்கிலீஷே தெரியாது என்று ஆகிவிடும் என்று பயந்தேன். ஒரு பெண்ணின் ஆறு மாதத்தை ஒரு பக்கத்திலும் என் மானத்தை மறு பக்கத்திலும் வைத்து நான் மானத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். அதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நான் நினைத்தபடியே கடிதங்கள் வந்தன. முதல் வாரம் இரண்டு. அடுத்த வாரம் நான்கு. ஒருவர் வங்கியில், ஒருவர் கல்லூரியில். ஜாதகம் அனுப்புங்கள், எப்போது பெண் பார்க்க வரலாம் என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு உறையில் போட்டு வைத்தேன். அந்த இரண்டு வியாழக்கிழமையும் பெரியவர் வரவில்லை.

மூன்றாவது வியாழன் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. “முடிச்சிட்டேன் வே” என்றார்.

மாப்பிள்ளைக்கு வள்ளியூர். இரும்புக் கடை. மனைவி இறந்து ஒன்றரை வருஷம். இரண்டு பிள்ளைகள். வயது நாற்பத்து நான்கு. போன வெள்ளிக்கிழமை நிச்சய தாம்பூலம் மாற்றியாயிற்று, கல்யாணம் ஆவணியில்.

“அவ ஒன்னும் சொல்லல. ஆறு மாசமா ஊரு உலகமே வேண்டாம்னு சொன்ன பெறகு நான் என்னப்பா சொல்ல, ஒங்க இஷ்டம்னுட்டா. அந்தப் பதிவை எடுத்துரும்.”

முதலாளி அப்போது கடையில் இல்லை. நான் உறையை நீட்டினேன். சொன்னேன். பென்சில், திரும்பி வந்த பக்கம், கீழே இறக்காதது, மூலம், எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

பெரியவர் உறையைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். வங்கிக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நல்லது என்று இருந்தது.

“எப்பம் கண்டுபிடிச்சீரு?”

“அந்தக் கிறுக்கன் கடுதாசி வந்தன்னைக்கு ஐயா.”

அவர் மனதுக்குள் நாளைக் கணக்குப் போட்டார். நிச்சயத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு கார்டு போட்டிருக்கலாம்லா வே.”

நான் மேஜையைச் சுற்றி அவர் முன்னால் வந்தேன்.

“ஐயா, இன்னும் கல்யாணம் ஆகலையே. வள்ளியூர்க்காரங்ககிட்ட நான் வந்து சொல்லுதேன். தப்பு என் பேர்லதான்னு.”

“என்ன சொல்லுவீரு? உம்ம வீட்டை விட நல்ல எடம் வந்திருக்கு, தாம்பூலத்தைத் திருப்பித் தாங்கன்னா? நிச்சயம் முறிஞ்ச பிள்ளைய அப்புறம் இந்த வங்கிக்காரன் மட்டும் எடுப்பானோ?” காகிதங்களை மடித்து உறைக்குள் போட்டு என்னிடமே நீட்டினார். “நாலு பெரிய மனுஷன் முன்னால வாக்குக் குடுத்திருக்கேன். எனக்கு அது போதும். அவளுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அவளால அங்கன போய் வாழ முடியாது. உமக்குப் புரியுதா?”

புரிகிறது என்றேன். அவர் செய்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இதில் வெட்கமான ஒன்று இருக்கிறது. அவர் சந்து முனையைத் தாண்டியதும் எனக்கு மூச்சு லேசாக வந்தது. என் தப்பை மூடிவைக்கச் சொல்லிவிட்டார் அல்லவா.

மறுநாளும் பென்சிலை அழுத்தித்தான் வேலை பார்த்தேன். அது இல்லாமல் என்னால் முடியாது. எல்லாப் படிவத்தையும் கடைசிவரை இறக்கி இரண்டு தடவை பார்த்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தப் பெண்ணின் பதிவை எடுக்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். எடுக்க வேண்டுமென்றால் அதைத் திறக்க வேண்டும். திறக்க மனம் வரவில்லை.

ஆடி மாதம் பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்றில் அவளே வந்தாள். தனியாக.

“அண்ணாச்சி, என் பேர்ல இருக்குத பதிவை எடுத்தாச்சா? எங்க வகுப்புப் பையன் ஒருத்தன் வீட்ல பாத்திருக்கான். டீச்சர் ஒங்க படம் இருக்கேன்னான். வள்ளியூர்க்காரங்க காதுல விழுந்தா நல்லாருக்காது.”

எடுக்கிறேன் என்று திறந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். பக்கம் வந்தது. அவள் பேருக்குப் பக்கத்தில், வந்த கடிதங்கள் பதினொன்று என்று இருந்தது. பெரியவர் படித்து ஒதுக்கிய பழையவற்றை நான் அன்றன்றே அழித்திருந்தேன், இவை எல்லாம் நட்சத்திரத்தை மாற்றிய பிறகு வந்தவை. நான் திரையை மறைக்கப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவள் என் தோளுக்கு மேலே கையை நீட்டி, “கொஞ்சம் இருங்க” என்றாள். மவுஸை வாங்கிக்கொண்டு நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய் நின்றேன். ஒரு கடிதத்துக்கும் அவள் முகம் மாறவில்லை. பிறகு தன் பதிவையே திறந்து மேலிருந்து கீழே வரை படித்தாள். கணக்கு வாத்தியார் விடைத்தாள் பார்ப்பது போல, ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. பிறகு திரும்பினாள்.

“இதுல பாதி ஆனி மாசமே வந்திருக்கே. எங்கப்பாவுக்குத் தெரியுமா?”

நட்சத்திரத்தைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லாதே என்று பெரியவர் சொல்லியிருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்றுவதாக இருந்தால் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். எதையும் சொல்லாமல் வழக்கம் போல நின்றிருக்கலாம். நான் அதில் எதையும் செய்யவில்லை.

“தெரியும்மா. பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்தேன்” என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் கொடுத்தது நிச்சயத்துக்குப் பிறகு என்பதோ, என் பங்கோ அதற்குள் எங்கும் இல்லை.

எடுத்துவிடும் பொத்தானை அவளே தேடி அழுத்தினாள். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, “எவ்வளவு அண்ணாச்சி?” என்றாள். வேண்டாம் என்றேன். காசை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை, இருக்க நியாயமும் இல்லை.

அந்த வருஷம் முடியும் தறுவாயில் பெரியவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். ஓய்வூதியக் காகிதங்களை நகலெடுக்க வேண்டியிருந்தது. மெலிந்து போயிருந்தார். சட்டைக் காலரில் அழுக்கு. நான் காகிதத்தை மெஷினில் வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“அவ இங்கன வந்தாளோ?”

“வந்தாங்க ஐயா. கல்யாணத்துக்கு முன்னால.”

“மறுவீட்டுக்கு வந்தவ அன்னைக்கே திரும்பிட்டா. அதுக்குப் பெறகு வாசப்படி மிதிக்கல. பிள்ளையளை நல்லாப் பாத்துக்கிடுதாளாம், மாப்பிள்ளை சொல்லுதாரு. நான் போனா காப்பி வச்சுட்டு உள்ள போயிருதா. முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை இல்ல.” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீரு அவகிட்ட ஏதும் சொன்னீரா?”

மெஷினின் வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது.

“நட்சத்திரத்தைப் பத்தி ஒன்னும் சொல்லல ஐயா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நீரு சொல்ல மாட்டீரு. எனக்குத் தெரியும்” என்றார். நகல்களை வாங்கி அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.